கிண்ணத்து விளிம்பில் ஒரு மருதாணி இலை

கோணல் என்றால் எனக்கு ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால் எழுந்துபோய் அதை நேராக்கிவிட்டுத்தான் டீ டம்ளரைக் கையில் வாங்குவேன். பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலர் மடிந்திருந்தால் இறங்கும் ஊர் வரும்வரை எனக்கு நிம்மதி கிடையாது. "இவங்கள கபர்ஸ்தான்ல கொண்டுபோய் அடக்குனாலும், பக்கத்து கபரு கோணலா இருக்குன்னு எந்திரிச்சு வந்துருவாங்க" என்று என் மனைவி நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இப்போது அங்கே இருப்பது அவள். வெள்ளிக்கிழமை தோறும் போய் நின்று துஆ கேட்டுவிட்டு வருகிறேன். தலைமாட்டில் நட்ட மீஸான் கல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதில் கை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் சவூதியில் ஒரு மரப்பட்டறையில் லேத்து ஓட்டினேன். மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்குமே உருண்டைக் கால்கள், அவற்றைக் கடைவதுதான் வேலை. கட்டையை இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிட்டு உளியை வைத்துக் கொடுத்தால் சீவல் சுருள் சுருளாக விழும், கட்டை உருண்டு வரும். நூறு கால் கடைந்தால் நூறும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும். மேஸ்திரி ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பார். ஒரு நூல் கூடக்குறைய இருந்தாலும் அது விறகுக்குப் போகும். சம்பளத்தோடு இந்தக் கோணல் நோயையும் அந்தப் பட்டறைதான் எனக்குக் கொடுத்து அனுப்பியது.

ஊருக்குத் திரும்பி வந்து என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெரிய புயல் அடித்தது. எங்கள் வீடு முத்துப்பேட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. ஒரே நாளில் தென்னந்தோப்பெல்லாம் வாரிச் சுருட்டிப் படுத்துவிட்டது. வாய்க்கால் கரையில் நின்ற பூவரசுகள் வேரோடு சாய்ந்து தண்ணீரை மறித்தன. பலா, மா, வேம்பு என்று வீட்டுக்கு வீடு மரம் கிடந்தது. "எடுத்துட்டுப் போனாப் போதும் பாய், வாசல்ல நடக்க முடியல" என்றார்கள். நான் பழைய லேத்து ஒன்றை வாங்கிக் கொல்லைப்புறத்துக் கொட்டகையில் போட்டேன். கிண்ணம், மூடி போட்ட டப்பா, பூச்சாடி என்று கடைய ஆரம்பித்தேன். எல்லாம் வழுவழுவென்று, ஒரு கீறல் இல்லாமல். அழகு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணுக்கு மருதாணி போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். படம் பார்த்துப் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பெண்ணின் கையைத் தன் மடியில் வைத்து, விரல்களைக் கொஞ்சநேரம் நீவிப் பார்ப்பாள். பிறகு மணிக்கட்டிலிருந்து ஒரு கொடியை இழுப்பாள், அது தன்பாட்டுக்கு உள்ளங்கை வரை ஏறிப் போகும். சிலசமயம் மருதாணிக் கூம்பு அடைத்துக்கொண்டு சட்டென்று ஒரு சொட்டு வேண்டாத இடத்தில் விழும். பெண்ணின் அம்மா பதறிப்போய்த் துணியை நீட்டுவாள். இவள் வாங்கமாட்டாள்.

"மருதாணியில அழிக்கிற பேச்சே கெடையாதுக்கா. தொடச்சாலும் செவப்பு நிக்கும். விழுந்தத இலையாக்கிடணும், அவ்ளோதான்."

அந்தச் சொட்டிலிருந்து ஒரு நுனி இழுத்து இலையாக்கிவிட்டு, "இது ஒனக்குன்னே விழுந்த இலைம்மா" என்று பெண்ணிடம் சொல்வாள். அவள் மருதாணி போட்ட எந்த இரண்டு கையும் ஒன்றுபோல் இருந்ததில்லை. இந்த விஷயத்தில் என் பட்டறைக்கும் அவள் பட்டறைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஒருநாள் பலாமரத்தில் ஒரு கிண்ணம் முடிகிற தறுவாயில் உளி கடித்துவிட்டது. ஒரு நொடி கவனம் பிசகினால் உளி மரத்துக்குள் பாய்ந்து ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்துவிடும், அதைத்தான் கடிப்பது என்போம். விளிம்புக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். எனக்கு வந்த கோபத்தில் கிண்ணத்தை விறகுக் குவியலில் விட்டெறிந்தேன். மறுநாள் பார்த்தால் அது அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. ரேடியோ ரிப்பேருக்கு நான் வைத்திருந்த ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஒரு மாங்காய் வரைந்திருந்தாள். பள்ளம் மாங்காயின் வயிறாகிவிட்டது. மாங்காயின் காம்பிலிருந்து ஒரு கொடி கிளம்பிக் கிண்ணத்தைச் சுற்றிப் போய், மறுபடி மாங்காய்க்கே வந்து சேர்ந்திருந்தது.

"வெறகுல போட்ட புள்ளைய எடுத்து நகை போட்டு உக்கார வச்சிருக்கேன். பாருங்க" என்றாள்.

நகை கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் கடைந்ததிலேயே மக்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்படியான முதல் சாமான் அதுதான் என்று எனக்கே தெரிந்தது.

அப்படித்தான் எங்கள் கூட்டுத்தொழில் ஆரம்பித்தது. துபாயில் வேலை பார்க்கும் எங்கள் மகள், மரத்தில் சுட்டு வரைவதற்கென்றே இருக்கும் பேனா ஒன்றை வாங்கி அனுப்பினாள். நான் கிண்ணத்தைக் கடைந்து விளிம்புக்குக் கீழே இரண்டு மெல்லிய காடி, அதாவது வளையப் பள்ளம், எடுப்பேன். கிண்ணம் சுழலும்போதே காடியில் கம்பியை அழுத்திப் பிடித்தால் புகை வந்து கறுப்புக் கோடு விழும். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது அவள் நிலம். அங்கே நான் கால் வைக்கக் கூடாது. மரத்தில் வெடிப்பு இருந்தால் சாவி போடுகிற கடையில் உதிரும் பித்தளைத் தூளைப் பசையோடு குழைத்து அடைப்போம். அந்த மஞ்சள் கீற்றையும் அவள் விடமாட்டாள், ஓடையாக்கி இரண்டு பக்கமும் செடி வளர்த்துவிடுவாள். பேனாவின் சூடு பார்க்க ஒரு பலகைத் துண்டு வைத்திருந்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலாப்பலகை. தினமும் வேலைக்கு உட்காரும்போது அதில் ஒரு புள்ளியோ ஒரு கோடோ இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொடுவாள்.

அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் சாய்த்து வைத்து வரைவாள். அதனால் அவள் இலைகளின் நுனி எப்போதும் இடப்பக்கமாக மடங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் கைவினைப் பொருள் கடை வைத்திருந்த ஒரு அம்மா எங்கள் சாமான்களை வாங்கிக்கொண்டார். மாதம் ஒருமுறை பையில் போட்டுக் கொண்டுபோவேன். நல்ல காலம் அது. கொட்டகையில் லேத்தின் சத்தம், ஒரு மூலையில் அவள் பேனாவின் புகை. வெளியே சம்பா வயலில் களை எடுக்கும் பெண்கள் தண்ணீர் கேட்டு வந்தால், அவள் வேலையை விட்டுவிட்டு அரைமணி நேரம் கதை பேசுவாள். நான் உள்ளேயிருந்து தொண்டையைச் செருமுவேன். "மேஸ்திரி கூப்புடுறாரு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு எழுந்து வருவாள்.

பிறகு அவள் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளரில்தான் பார்த்தேன். சூடாக இருக்கிறது போல என்று நினைத்தேன். அப்புறம் பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைக்கும்போது பார்த்தேன். தஞ்சாவூரில் டாக்டர் அவளை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு காகிதத்தில் வட்டம் போடச் சொன்னார். ஆயிரம் உள்ளங்கையில் வட்டம் போட்டவள் அந்த ஒரு வட்டத்தை முடிக்கச் சிரமப்பட்டாள். நடுக்குவாதம், மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம், போகாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மாத்திரைச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம், "மருதாணிக்கு இனி யாரும் கூப்புட வேணாம்னு நானே சொல்லிடுறேன். அவங்களா வேற ஆள் வைக்கிறதுக்கு முன்னாடி" என்றாள். பிறகு, "மரம் கைய இழுத்துக்காதுல்ல. அது போதும் எனக்கு" என்றாள்.

மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தது, நிறுத்தவில்லை. அவள் கொடிகள் நெளிய ஆரம்பித்தன. நேராகப் போகவேண்டிய தண்டு, காற்றடித்த வயல் தண்ணீர் மாதிரி சிலிர்த்துக்கொண்டு போனது. அவள் அதற்கும் வழி வைத்திருந்தாள். நெளிந்த இடத்தில் ஒரு இலை, தவறிய இடத்தில் ஒரு மொட்டு. அவள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. அவளுக்காகப் பொறுக்கவில்லையா, கோட்டுக்காகப் பொறுக்கவில்லையா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஒரு மாதம் கடைக்கார அம்மா இரண்டு டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க பாய். இதுல கோடு ரொம்ப ஆடியிருக்கு. வாங்குறவங்க கேக்குறாங்க" என்றார். அவர் தன்மையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரும்வரை யோசித்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவளிடம் மிச்சம் இருப்பதே இந்த மரம் ஒன்றுதானே. சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் நான் நல்லவன்தான்.

அவள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படுப்பாள். அந்த நேரத்தில் டப்பாவை மறுபடி லேத்தில் பூட்டினேன். உளியைப் புதிதாகத் தீட்டி, மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவினேன். அவள் கொடி பாதி பாதியாகச் சுருண்டு என் காலடியில் விழுந்தது. மிச்சம் இருந்த கறுப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். பிறகு அவள் பேனாவைச் சூடாக்கி, அவள் போட்டிருந்த அதே கொடியை, அதே இலைகளை, ஆடாமல் அசையாமல் வரைந்தேன். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் கைக்கு அது தெரிந்திருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். நான் கிண்ணத்தை எதிர்ப்பக்கமாகச் சாய்ப்பவன். என் இலைகளின் நுனி வலப்பக்கம் மடங்கியது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அந்த இரண்டு. அப்புறம் அந்த மாதம் போட்டது எல்லாம். அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல், அவள் போட்ட ஒவ்வொன்றையும். எண்ணெய் பூசிக் காகிதத்தில் சுற்றுவது என் வேலை என்பதால் முடிந்த சாமானை அவள் திரும்பப் பார்ப்பது குறைவு. ஒருமுறை கடைக்கார அம்மா போனில், "வீட்ல அம்மாவுக்கு ஒடம்பு தேவலையா? கோடெல்லாம் முன்ன மாதிரியே வருதே" என்றார். அதை அப்படியே கொண்டுபோய் அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தீங்களா? நடுங்கினாலும் வேலை நிக்குது" என்று அன்றைக்குப் பாயாசம் வைத்தாள். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

கோணலைக் கண்டுபிடிக்கிற என் கண்ணுக்குக் குப்பை தெரியவில்லை. கொட்டகைச் சீவலையெல்லாம் கூட்டி ஒரு சாக்கில் அள்ளி வைப்பேன். காலையில் வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்க அவள் அந்தச் சாக்கிலிருந்துதான் ஒரு பிடி எடுப்பாள். கடைகிற தொழிலில் இருப்பவன் வீட்டில் அது காலங்காலமாக நடப்பதுதான். அலங்காரம் என்பது கடைந்து முடித்த பிறகு போடுவது. அதனால் சீவலில் கறுப்புக் கோடு வர வழியே இல்லை. வந்தால், முடித்த சாமானை யாரோ திரும்பச் சீவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது ஊரில் வேறு யாருக்கும் புரியாது, அவளுக்குப் புரியும்.

ஒருநாள் காலை கொட்டகைக்கு வந்தாள். முந்தானையிலிருந்து மூன்று சுருள் சீவலை எடுத்து என் மேஜைமேல் வைத்து, விரலால் விரித்துப் பிடித்தாள். விரல் நடுங்கியதில் சீவலும் நடுங்கியது. ஒன்றில் பாதி இலை. இன்னொன்றில் மீதி.

"இது நான் போட்ட கொடிதானங்க?"

"மரத்துலயே சிலசமயம் கறுப்பு ஓடும் புள்ள."

"மரத்துல ஓடுற கறுப்புக்கு இலை மொளைக்குமா?"

நான் லேத்தை நிறுத்தினேன். கடையிலிருந்து திரும்பி வந்ததைச் சொன்னேன், அவள் மனசு நோகக் கூடாது என்று செய்ததைச் சொன்னேன். அவள் சீவலை விரித்துப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அந்தம்மா போன்ல நல்லாருக்குன்னு சொன்னது?"

நான் உளியை எடுத்துத் துடைத்தேன். அலமாரியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த ஒரு கிண்ணத்தை எடுத்து அவள் விளிம்பைச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். அவசரப்படாமல் ஒரு முழுச் சுற்று.

"நல்லாத்தான் இருக்கு. என்னோடத விட நல்லா இருக்கு. ஒங்க கைக்கே வந்துருச்சே. இனிமே நான் எதுக்கு?"

கிண்ணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். குரலில் கோபம் இல்லை, கண்ணில் தண்ணீர் இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு அவள் என் கண்முன்னால் பேனாவைத் தொடவில்லை. நான் எவ்வளவோ சொன்னேன். ஆடினால் ஆடட்டும், இனி ஒன்றையும் தொடமாட்டேன், கடைக்கே கொடுக்க வேண்டாம், நம் வீட்டுக்குப் போடு என்றேன். "டீ ஆறுது, குடிங்க" என்பாள். பூவரசில் நல்ல நல்ல கிண்ணமாகக் கடைந்து, இரண்டு கோட்டுக்கு நடுவில் வெறுமையாக விட்டு அவள் பார்வையில் படும்படி வைப்பேன். அவள் அதில் பூண்டு உரித்துப் போட்டு வைப்பாள். உளியைக் கடிக்கவிட்டு வேண்டுமென்றே ஒன்றைப் பள்ளமாக்கிக்கூடப் பார்த்தேன். "கவனமா செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சூடு பார்க்கும் பலகையும் மேஜையில் காணோம். அடுப்பில் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இரண்டு மழைக்காலம் அப்படிப் போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிவாசலில் ஜும்ஆ முடித்து வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு கருகல் வாசம் இருக்கும். "சோறு அடிப்பிடிச்சிருச்சுங்க" என்பாள். வருடக்கணக்காக மரத்தூளில் கிடந்து மரத்துப்போன மூக்கு என்னுடையது, அதற்குச் சோறும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். ஒருநாள் எரிச்சலில், "வெள்ளிக்கிழமையானா ஒனக்குச் சோறு அடிப்பிடிக்கணும்னு ஏதும் நேர்ச்சையா?" என்று கத்திவிட்டேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டாள். சோறு நன்றாகத்தான் இருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

சம்பா நடவு முடிந்த சமயம் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஒரு வாரத்தில் அவள் போய்விட்டாள். மகள் விமானம் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவள் மூன்று வருடமாக ஊருக்கு வந்திருக்கவில்லை. வேலை, விசா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று தள்ளிக்கொண்டே போனது. வந்தவள் அம்மாவின் சேலைகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என் எதிரில் அழவில்லை, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள் அவள் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டும்போது கேட்டாள்.

"அத்தா, அம்மா கை பட்டது ஒண்ணு குடுங்க. எடுத்துட்டுப் போறேன்."

"ஒங்கிட்டதான் ரெண்டு கிண்ணம் இருக்கேம்மா."

"அது கை நல்லாருந்தப்ப போட்டது. கை நடுங்குனப்ப போட்டது வேணும். அந்த வருஷமெல்லாம் நான் பாக்கவே இல்லத்தா."

கொட்டகைக்குப் போனேன். அலமாரியில் ஒன்பது சாமான் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். எல்லாவற்றிலும் இலை வலப்பக்கம் மடங்கியிருந்தது. கடை திருப்பிக் கொடுப்பதற்கு முன் போனவை எந்த ஊரில் எந்த அலமாரியில் இருக்கின்றனவோ. அதற்குப் பின்னால் அவள் போட்ட ஒவ்வொரு இலையையும் நானே சீவி, அவள் கையாலேயே அடுப்பில் போட வைத்திருக்கிறேன். ஒன்று மிச்சம் வைத்திருக்கக் கூடாதா? ஒரே ஒன்று?

ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். இதைக் கொடுத்துவிட்டால் முடிந்தது, மகளுக்குத் தெரியப்போவதில்லை. அடுக்களை வாசல் வரை அந்த எண்ணத்தோடுதான் போனேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள், அவள் அம்மா மணப்பெண்ணின் கையை வாங்கிக்கொள்வாளே அதே மாதிரி. என்னால் கொடுக்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி விடுங்கத்தா. மருதாணிப் பெட்டியாவது எடுத்துட்டுப் போறேன்" என்று பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினாள். கூம்பு சுற்றும் தாள், நூல், காய்ந்த மருதாணிப் பொடி. அதற்கும் அடியில் ஒரு வெள்ளைத் துணி சுற்றிய பொட்டலம்.

பிரித்தாள். உள்ளே நான் திருத்திய ஒரு சின்ன டப்பா இருந்தது, கடைக்குப் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தது. அதோடு அந்தச் சூடு பார்க்கும் பலகை.

பலகையின் முன்பக்கம் எனக்குத் தெரிந்ததுதான், வருடக்கணக்கான புள்ளிகளும் கோடுகளும். மகள் அதைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க இலை. வரிசை வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை நாலு கோடு நோட்டில் காப்பி எழுதுமே அது போல, ஒரே இலை. எல்லாம் நடுங்கியிருந்தது. எல்லாவற்றின் நுனியும் வலப்பக்கம் மடங்கியிருந்தது.

அது என் இலை. என் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரமெல்லாம், அவள் என் இலையைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். இலை எது என்று எனக்குக் காட்டியவளே அவள்தான்.

"அம்மா போட்டதுதானத்தா? அம்மா போட்டதுதான?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பலகையைக் கையில் வாங்கினேன். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கடைசி வரிசைகளில் நடுநடுவே இலை இல்லாத வெளுத்த இடங்கள் இருந்தன. விரலை வைத்தேன். சின்னச் சின்னப் பள்ளங்கள், வழுவழுப்பாக. அது என்ன என்று என் விரலுக்கு உடனே தெரிந்தது. என் உப்புத்தாளை எடுத்து, சரியாக வராத இலைகளை அவள் தேய்த்து அழித்திருந்தாள்.